தெருவில் நின்று பார்க்கும் வீடுகள்

குரங்கணியில் மலையேறி இறங்குகிறவர்கள் பக்கத்து ஊரான போடியின் ஜமீன் அரண்மனையைப் பற்றிக் கேள்விப்படுவார்கள். அதன் பெருமை உள்ளே, ராமாயணச் சுவரோவியங்களில் இருக்கிறது. ஆனால் வீதியில் நின்றபடியே ஒரு வீட்டை ரசிக்க வேண்டுமென்றால், மதுரையைத் தாண்டிச் செட்டிநாட்டுக்குப் போக வேண்டும்.

அங்குள்ள கானாடுகாத்தானில் காலை வெயிலில் நடங்கள். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தில் சேர்ந்த செல்வத்தைச் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இப்படிக் கல்லும் மரமுமாக நிறுத்தினார்கள்.

தலையை நிமிர்த்தினால் முகப்பில் சுதைச் சிற்பம்: நடுவில் கஜலட்சுமி, சில வீடுகளில் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய். கீழே திண்ணை, பர்மாத் தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தால் பளிங்குபோல வழவழக்கும்.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இங்கே நிறைய. அவை நிற்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும்.