ஐரிஷ் ஈஸ்ட்: 18-ல் ஒரு ஆள், 22-ல் வேறு ஆள்

வையீஸ்ட் 1084-இன் ஜாதகத்தை ஹோம்ப்ரூ பழகியவர்களுக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. திரவ ஈஸ்ட், ஐரிஷ் ஏல் ரகம், அட்டெனுவேஷன் 71 முதல் 75 சதவீதம். கின்னஸ் வம்சம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்காக மட்டும் வாங்காதீர்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க லண்டன் வீட்டில் ஸ்டவுட்டுக்கு இதைத்தான் போட்டேன். (பிரிட்டனில் 1963 முதல் வீட்டுக்குக் காய்ச்சிக்கொள்ள உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

ஈஸ்ட் என்றாலே எல்லோரும் அந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான். மாஷை 65 டிகிரியில் வைத்தீர்களா, 69-லா என்பதே அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டுவிடும். கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வாளி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதுதான்.

ஒரே வோர்ட்டை இரண்டு வாளியில் பிரித்து ஊற்றினேன். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உறைந்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டு 18-ல் நிறுத்தினேன். மற்றது ஹீட்டர் ஓடும் அறையில், 22-ல். முதலாவதில் வறுத்த பார்லியின் காப்பிக் கசப்பு முன்னால் வந்து நின்றது. கடைசி மடக்கு வறண்டு, சுத்தமாக முடிந்தது. இரண்டாவதில் உலர்ந்த பிளம் பழ வாசம் ஏறி, காப்பி பின்னால் போய்விட்டது. அதையும் விரும்பிக் குடிப்பவர்கள் உண்டு. எனக்கு ஸ்டவுட் என்றால் முதலாவதுதான். ஒரு பொட்டலத்துக்குள் இப்படி இரண்டு பீர் இருப்பதை எந்த அட்டவணையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒன்று கவனம்: அறை 18 என்றால் வாளிக்குள்ளும் 18 என்று அர்த்தமில்லை. ஈஸ்ட் வேலை செய்யும்போது சூடு கிளம்பும். நுரை பொங்கும் நாட்களில் உள்ளே சில டிகிரி கூடவே இருக்கும். வாளியின் வயிற்றில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டையை நம்புங்கள், சுவரில் தொங்குவதை அல்ல.

அடுத்தது டயசெட்டில், அதாவது சினிமா தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாசம். ஐரிஷ் ஈஸ்ட் இதைக் கொஞ்சம் விடும். துளி இருந்தால் ஸ்டவுட்டுக்கு வழவழப்பு. மிஞ்சினால் குடிக்க முடியாது. விட்டதைத் திரும்ப விழுங்குவதும் அதே ஈஸ்ட்தான். அதற்குச் சூடும் அவகாசமும் வேண்டும். கிராவிட்டி 1.015-ஐ ஒட்டி வந்ததும் 21-க்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு இரண்டு சின்னக் கிளாஸில் பீர் எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். ஆறியபின் இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் பாட்டிலுக்கு அவசரப்பட வேண்டாம்.

பொட்டலத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே சிறு சத்துப் பை ஒன்று. உள்ளங்கையால் ஓங்கி அடித்து உடைத்து, குலுக்கி வைத்தால் சில மணி நேரத்தில் பூரி போல உப்பும். ஊற்றும் முன்பே ஈஸ்ட் உயிரோடு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒருமுறை ஆன்லைன் கடையொன்று ஐஸ் பேக்கே வைக்காமல் அனுப்பியது. மறுநாள் காலை வரை பொட்டலம் அசையவில்லை. அன்று அலமாரியில் இருந்த உலர் ஈஸ்ட்தான் கைகொடுத்தது.

கோடையில் வாளியைக் குளிர வைக்க வழியில்லை என்றால் இந்த ஐரிஷ் ஈஸ்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பழ வாசம் குறைவாக விடும் அமெரிக்க ஏல் உலர் ஈஸ்ட் போதும். பீர் சற்று மெலிந்துதான் வரும். குளிர வைக்க முடிந்தும் விலை உறுத்தினால், வாளியின் அடிவண்டலைக் கொதிநீரில் சுத்தம் செய்த ஜாடியில் அள்ளி, மூடியை லேசாகத் தளர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அடுத்த ஸ்டவுட்டுக்கு அதையே ஊற்றலாம்.