போன கோல், வந்த கோல்

நண்பர்களோட சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு கற்பனை கால்பந்து லீக் நடத்துறோம். சீசன் முடிஞ்சதும் டீம்களுக்கு மார்க் போடுவது என் வேலை. ஒப்பந்தம் முடிந்து போனவர் அடித்த கோலைக் கழி, வந்தவர் அடித்ததைக் கூட்டு. அவ்வளவுதான் ஃபார்முலா. இப்போ அதில் எனக்கே நம்பிக்கை போயிடுச்சு.

லீவுக்குக் கீழ்பென்னாத்தூர் வந்தப்போ, இதை நிஜ ஐஎஸ்எல்லில் சோதித்துப் பார்த்தேன். 2019-20இல் சென்னையின் எஃப்சிக்காக 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கியவர் வால்ஸ்கிஸ். கோச் ஓவன் காயில் ஜாம்ஷெட்பூர் போனார். இவரும் அங்கேயே போனார். லீக் சுற்றில் சென்னையின் கோல்கள் 32இலிருந்து 17 ஆனது. வித்தியாசம் சரியாக 15! ஒரு நிமிஷம் துள்ளிட்டேன்.

ஆனால் அந்த 15இல் பிளேஆஃப் கோல்களும் உண்டு. 32 வந்தது 18 ஆட்டத்தில், 17 வந்தது 20 ஆட்டத்தில். சும்மா தற்செயல்தான். ஜாம்ஷெட்பூர் பக்கம் பார்த்ததும் குட்டு உடைஞ்சது: அங்கே அந்த சீசனில் அவர் அடித்தது 8.

மீதி 7 எங்கே? அதில் பாதியாவது கிரிவெல்லாரோவின் பாஸில் இருந்தது என்பது என் கணிப்பு. அவர் சென்னையிலேயே தங்கினார், ஆனால் சீசன் பாதியில் காயம். ஆக இந்த டீமுக்கு அடிப்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. என் ஃபார்முலாவில் காயத்துக்குக் கட்டமே கிடையாது (என்ன எஞ்சினியரோ!).

இனி ஷீட்டில் ஒரு காலம் கூடுது: பாஸ் கொடுத்தவரும் கூட வர்றாரா? போன சீசன் நான் கடைசி இடம் கொடுத்த நண்பர்கிட்ட முதலில் மன்னிப்பு கேட்கணும்.