எதிரணியின் முற்றத்தில்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் வரலாறு ஒரு பயணத்தில் தொடங்குகிறது. 1852 ஆகஸ்டில் ஹார்வர்டு மாணவர்களும் யேல் மாணவர்களும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வின்னிபசாகி ஏரிக்குப் போய்ப் படகுப் பந்தயம் நடத்தினார்கள். இரு கல்லூரிக்கும் அது வெளியூர். செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் நிறுவனம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சீட்டு வாங்குவார்கள் என்று அது கணக்குப் போட்டது. ஹார்வர்டு வென்றது. இந்த நாட்டில் இரண்டு கல்லூரிகள் நேருக்கு நேர் மோதிய முதல் போட்டி அதுதான்.

அமெரிக்கக் கால்பந்தின் முதல் கல்லூரி ஆட்டமும் அப்படித்தான். 1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டன் மாணவர்கள் ரயிலேறி நியூ பிரன்ஸ்விக் வந்து ரட்கர்ஸ் கல்லூரியுடன் ஆடினார்கள். பக்கத்துக்கு 25 பேர். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். யார் மண்ணில் ஆட்டமோ அவர்கள் வைத்ததே விதி. அன்று ரட்கர்ஸ் 6–4 என்று வென்றது. ஒரு வாரம் கழித்துத் தன் ஊரில் தன் விதிப்படி ஆடிய பிரின்ஸ்டன் 8–0 என்று பதிலடி கொடுத்தது. முதல் ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், விருந்தாளிகள் இரவு எட்டு மணிக்கு ஊர் திரும்பினார்கள் என்று ரட்கர்ஸ் மாணவர் இதழ் எழுதி வைத்திருக்கிறது.

என் கட்டுரைக்குப் பொருள் அந்தச் சாப்பாடு. எதிர்க் கல்லூரிக்குப் பயணப்பட்டுப் போவதும், போனவர்களை அங்குள்ளவர்கள் எதிர்கொள்வதும் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கின்றன. அதற்குப் பகுதிவாரியாகப் பாணிகள் உண்டு. நல்லது கெட்டது சொல்ல அளவுகோல்களும் உண்டு. நம்மவர்கள் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்புக்காகப் பல்லாண்டுகளாக வருகிறார்கள். இப்போது நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். நூலகமும் ஆய்வுக்கூடமும் நமக்குத் தெரியும். எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு இன்னொரு வளாகத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தவர்கள் நம்மில் குறைவு. ஒரு பல்கலைக்கழகத்தை எடைபோட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வடகிழக்குப் பாணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1875இல் தொடங்கிய ஹார்வர்டு–யேல் ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்கு எதிரணி வளாகம் ஏறக்குறைய சொந்த ஊர். பாஸ்டனில் 1903இல் கட்டிய அரங்கும் நியூ ஹேவனில் 1914இல் திறந்த அரங்கும் மாறி மாறி இரு குடும்பத்துக்கும் விருந்து வைக்கின்றன. 1968இல் கடைசி 42 நொடிகளில் 16 புள்ளி எடுத்து ஹார்வர்டு 29–29 என்று சமன் செய்த கதையை இன்றும் இரு தரப்புப் பெரியவர்களும் சொல்வார்கள். கண்ணியமான பாணிதான். ஆனால் அங்கே வந்தவருக்கும் இருப்பவருக்கும் அதிக வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் விருந்தோம்பலுக்குச் சோதனையும் இல்லை.

ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் ஆடுகிற ஆட்டம் தனி ரகம். 1890இல் வெஸ்ட் பாயிண்டில் முதல் ஆட்டம் நடந்தது. பிறகு பெரும்பாலும் பிலடெல்பியா போன்ற பொது இடங்களில் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் எதிர்க் கல்லூரியில் தங்கிப் படிப்பார்கள். ஆட்டத்துக்கு முன் களத்தின் நடுவே அவர்களை அவரவர் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் சடங்குக்குக் ‘கைதிகள் பரிமாற்றம்’ என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் சேர்ந்து முதலில் தோற்ற கல்லூரி மாணவர்களின் முன் நின்று அவர்கள் கல்லூரிப் பாட்டைப் பாடும், பிறகு வென்ற கல்லூரியின் பாட்டை. இரண்டாவதாகப் பாட வேண்டும் என்பதே அவர்களின் ஆண்டு முழுவதற்குமான வேண்டுதல். தோற்றவருக்கு முதல் மரியாதை தருகிற இந்த ஒழுங்குக்கு ஈடாக மற்ற கல்லூரிகளில் நான் எதையும் பார்த்ததில்லை.

மத்திய மேற்கின் பாணி சாந்தமானது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகர அரங்கில் 1962 இலையுதிர் காலத்திலிருந்து எந்த ஆட்டத்துக்கும் சீட்டு மிஞ்சியதில்லை. ஆட்டம் முடிந்து எதிரணி வீரர்கள் வெளியேறும்போது உள்ளூர்க்காரர்கள் எழுந்து கைதட்டி அனுப்புவார்கள். தங்கள் அணி தோற்ற நாளிலும் தட்டுவார்கள்.

அயோவா சிட்டி கின்னிக் அரங்கில் விருந்தாளி வீரர்களின் உடை மாற்றும் அறை சுவரிலிருந்து கழிப்பறைத் தொட்டி வரை இளஞ்சிவப்பு. வந்தவரின் வேகம் தணியட்டும் என்று உளவியல் படித்த பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை செய்த ஏற்பாடு அது. அதே அரங்கில்தான் 2017இல் இன்னொரு வழக்கமும் பிறந்தது. அரங்கை ஒட்டி அந்த ஆண்டு புதிய குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. அதன் மேல்தளத்துக் கண்ணாடிச் சுவர் வழியே களம் முழுவதும் தெரியும். முதல் கால் பகுதி முடிந்ததும் அரங்கில் இருக்கும் எழுபதாயிரம் பேரும் மருத்துவமனைப் பக்கம் திரும்பி நின்று, மேலே பார்த்துக் கையசைப்பார்கள். மேலே சலைன் கம்பத்தோடு நிற்கும் பிள்ளைகள் பதிலுக்குக் கையசைப்பார்கள். எதிரணி வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், மூலையில் உட்கார்ந்திருக்கும் எதிரணி ரசிகர்கள் எல்லோரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். யாரும் அவர்களைக் கேட்பதில்லை; கேட்க வேண்டியும் இருப்பதில்லை.

ஆனால் இதே மண்ணில்தான் வெளியூர்ப் பயணத்தின் மிகக் கசப்பான பக்கமும் இருக்கிறது. 1923 அக்டோபரில் அயோவா ஸ்டேட் அணி மினியாபொலிஸ் போய் மினசோட்டாவுடன் ஆடியது. அணியில் ஜாக் டிரைஸ் என்ற இளைஞர் இருந்தார். அந்தக் கல்லூரிக்கு ஆடிய முதல் கருப்பின வீரர். முந்தின இரவு ஓட்டல் அறையில் உட்கார்ந்து, தன் இனத்தின் மானமும் தன் மானமும் நாளை களத்தில் இருக்கின்றன என்ற பொருளில் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்தும் ஆடினார், பிறகு மிதிபட்டார். இரண்டு நாளில் உயிர் போனது. கடிதம் அவர் கோட்டுப் பையில் கிடைத்தது. 1997இல் ஏம்ஸ் நகர அரங்குக்கு அந்தக் கல்லூரி அவர் பெயரை வைத்தது. அங்கே போகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் அவர் சிலை அருகே சற்று நின்று போக வேண்டும்.

அடுத்த பத்தாண்டில் மினசோட்டாவும் அயோவா பல்கலைக்கழகமும் மோதிக்கொண்டன. 1934 ஆட்டத்தில் அயோவாவின் கருப்பின வீரர் ஆஸி சிம்மன்ஸ் பலமாக அடிபட்டார். வேண்டுமென்றே அடித்தார்கள் என்று அயோவா கொதித்தது. மறு ஆண்டு ஆட்டம் அயோவா சிட்டியில். அத்துமீறினால் கூட்டம் பொறுக்காது என்று அயோவா ஆளுநர் கிளைட் ஹெரிங் பேசினார். ஊர் இன்னும் சூடாயிற்று. அப்போது மினசோட்டா ஆளுநர் ஃபிளாய்ட் ஓல்சன் தந்தி அடித்தார்: தோற்கிற மாநிலம் வென்ற மாநிலத்துக்கு ஒரு பன்றி தரட்டும். ஊரே சிரித்தது, சூடு தணிந்தது. ஆட்டம் அடிதடியின்றி முடிந்தது, மினசோட்டா 13–6 என்று வென்றது. ஹெரிங் சொன்னபடி ஒரு பன்றியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்று இரு அணியும் ஆடுவது அதன் வெண்கலச் சிலைக்காக. பந்தயப் பொருளாக அதைப் பார்க்கிறவர்களுக்கு, வந்த விருந்தாளியின் பாதுகாப்புக்காகப் பிறந்த சிலை அது என்பது தெரிவதில்லை.

தெற்கே போனால் எல்லாமே உரக்க இருக்கும், தாராளமாகவும் இருக்கும். லூசியானாவின் பேட்டன் ரூஜில் எதிரணிச் சட்டையைக் கண்டதும் ‘டைகர் பெயிட்!’ என்று கூச்சல் எழும். புலிக்கு இரையாக வந்தாயா என்று கேட்கிறார்கள். கூச்சல் போட்ட அதே ஆள் அடுத்த நிமிடம் ஒரு கிண்ணத்தை நீட்டுவார். அது கம்போ: மாவை எண்ணெயில் பொறுமையாகக் கருஞ்சிவப்பாக வறுத்து, வெங்காயம், செலரி, குடமிளகாய் போட்டு வதக்கி, கோழியும் புகையூட்டிய சாசேஜும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சிலர் வெண்டைக்காயும் போட்டு, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே அதுதான் மரியாதைக் குறைவு. 1931 முதல் அங்கே இரவு ஆட்டங்கள் நடக்கின்றன. 1988 அக்டோபரில் ஆபர்னுக்கு எதிராக எடுத்த ஒரு டச்டவுனுக்கு எழுந்த ஆரவாரம் வளாகத்தின் நிலநடுக்கக் கருவியில் பதிவானது. டென்னசியில் 1962 முதல் ஒரு கூட்டம் படகிலேயே ஆற்றோடு அரங்கு வரை வருகிறது; தொடங்கியவர் ஒரு வானொலி வர்ணனையாளர்.

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ‘குரோவ்’ எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம். வளாகத்தின் நடுவே பத்து ஏக்கர் மரத்தோப்பு. ஓக், எல்ம், மக்னோலியா மரங்கள். ஆட்ட நாளில் மரத்தடி தெரியாத அளவுக்குக் கூடாரங்கள். உள்ளே மேசை விரிப்பு, வெள்ளிப் பாத்திரம், சில கூடாரங்களில் சரவிளக்கு. ஆண்கள் டை கட்டியிருப்பார்கள், பெண்கள் கல்யாணத்துக்கு வந்ததுபோல் உடுத்தியிருப்பார்கள். எதிரணிக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அந்த உபசரிப்பு உண்மையானது. ஆனால் தோப்பிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஜேம்ஸ் மெரிடித்தின் சிலை இருக்கிறது. 1962 செப்டம்பர் 29 அன்று ஜாக்சனில் கென்டக்கிக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் களத்தில் நின்று பேசிக் கூட்டத்தை உசுப்பினார். மறுநாள் இரவு வளாகத்தில் கலவரம்; இருவர் இறந்தார்கள். அதற்கடுத்த நாள் மெரிடித் அந்தக் கல்லூரியின் முதல் கருப்பின மாணவராகச் சேர்ந்தார். கம்போவும் சரவிளக்கும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர் அந்த வளாகத்துக்குப் போனவர் ஆகமாட்டார்.

விருந்தாளி எவ்வளவு தாழ முடியும் என்பதற்கும் தெற்கிலேயே சான்று உண்டு. ஆபர்ன் ஊர்முனையில் இரண்டு பழைய ஓக் மரங்கள் இருந்தன. வெற்றி நாளில் அவற்றின் மேல் காகிதச் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். 2010 தோல்விக்குப் பழிவாங்க அலபாமா ரசிகர் ஒருவர் அவற்றின் வேருக்கு விஷம் வைத்தார். சிறைக்கும் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013இல் வெட்ட நேர்ந்தது. விஷம் வைத்தது தெரியவந்ததுமே அலபாமா ரசிகர்கள் சேர்ந்து ஆபர்னுக்குப் பணம் திரட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் செய்த இழிவை ஊரார் தங்கள் கடனாக ஏற்றுக்கொண்ட அந்தச் செயலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

டெக்சஸ் கதைக்கு வருவோம். அக்டோபரில் டல்லஸ் மாநிலப் பொருட்காட்சித் திடலில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் மோதும்போது அரங்கு நடுக்கோட்டில் சரிபாதியாகப் பிளந்து, ஒரு பாதி ஆரஞ்சு, ஒரு பாதி சிவப்பு என்று நிற்கும். கண்ணுக்கு அருமையான காட்சி. என் மனத்தில் நிற்பதோ வேறொன்று.

டெக்சஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள், டெக்சஸ் பல்கலைக்கழகத்துடன் ஆடும் ஆட்டத்துக்கு முன் ஆண்டுதோறும் மரத்தடிகளை அடுக்கிப் பெரிய சொக்கப்பனை எழுப்பி வந்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலையில், கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். எட்டு நாள் கழித்து அதே ஊரில் ஆட்டம். விருந்தாளிகளான டெக்சஸ் வாத்தியக் குழு இடைவேளையில் களமிறங்கித் துதிப்பாடலும் இறுதி வணக்க இசையும் வாசித்தது. பிறகு அத்தனை பேரும் தங்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி மௌனமாக வெளியேறினார்கள். நூறாண்டுப் பகை உள்ள ஓர் அரங்கு எழுந்து நின்றது. ஏ அண்ட் எம் 20–16 என்று வென்றது. அந்தத் தொப்பிகளை நினைக்கிற டெக்சஸ்காரர்களும் ஏ அண்ட் எம்காரர்களும் இன்றும் இருக்கிறார்கள். வெளியூர் போகும் அணி என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்படிப்பட்ட ஆட்டமே 2011க்குப் பிறகு நின்றுபோனது. இரு கல்லூரியும் வெவ்வேறு கூட்டமைப்பில் சேர்ந்தன. 2024இல்தான் மீண்டும் ஆடின. எழுபத்தைந்து மைல் தூரத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க்கும் மேற்கு வர்ஜீனியாவும் 2011 ஆட்டத்துக்குப் பிறகு 2022இல்தான் மீண்டும் ஆடின. மாறாக, 2024 முதல் நியூ ஜெர்சி ரட்கர்சும் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளும் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டமைப்பில் ஆடுகிறது. தொலைக்காட்சிப் பணம் போட்ட வரைபடம் இது. காரில் காலையில் கிளம்பி இரவு திரும்பும் தூரத்தில்தான் இந்த மரபு வளர்ந்தது. விமானச் சீட்டு வாங்கக்கூடியவர்கள் மட்டும் போகிற பயணத்தில் மாணவர்கள் காணாமல் போவார்கள். கூடைப்பந்தில் டியூக்கும் வட கரோலினாவும் இன்னும் பத்து மைல் தூரத்திலேயே பகைத்துக்கொண்டிருப்பது நல்ல காலம். 9,314 பேர் மட்டுமே கொள்ளும் டியூக்கின் கேமரன் அரங்கில் சீட்டுக்காகப் பிள்ளைகள் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் கிடக்கிறார்கள்.

அளவுகோல்களை ஊர் ஊராகப் போனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், பெரிதாக வேறுபாடில்லை. விருந்தாளி தன் நிறத்தை மறைக்காமல் உடுத்த வேண்டும், தன் பாட்டைப் பாட வேண்டும், உள்ளூர் மாணவர் பகுதியில் உட்காரக் கூடாது. யாருக்கு அடிபட்டாலும் பேச்சை நிறுத்த வேண்டும், எழுந்து போனால் தட்ட வேண்டும். தின்ற இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் வழி சொல்ல வேண்டும், ஒரு வாயாவது சாப்பிடச் சொல்ல வேண்டும். கேலி பண்ணலாம், கை நீட்டக் கூடாது, பிள்ளைகளையும் முதியவர்களையும் கேலியும் பண்ணக் கூடாது. கடைசி விதியை மீறுகிற அரங்கு எத்தனை கோப்பை வைத்திருந்தாலும் தரம் குறைந்ததுதான்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது வழக்கமான சுற்றுலாவோடு நிறுத்தாமல், இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஆட்டம் இருக்கும்போது போய்ப் பாருங்கள். பிள்ளை சேர்ந்த பிறகு, எதிர்க் கல்லூரிக்கு ஒருமுறையாவது அவர்களோடு போங்கள். வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்து வளாகத்தைச் சுற்றி நடந்து, நூலகத்தையும் சிலைகளையும் பாருங்கள். அரங்குகளில் இப்போது பொதுவாக உள்ளிருப்பது வெளியே தெரியும் பைகளுக்கு மட்டுமே அனுமதி, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வருகை அணியின் பகுதியிலேயே சீட்டு வாங்குங்கள். உயரத்தில், மூலையில்தான் கிடைக்கும், பரவாயில்லை. கூடாரத்துக்கு யாராவது கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாமல் ஒரு டப்பா முறுக்கு எடுத்துப் போங்கள்.