பிரசங்க பீடமும் லயத்துக் காம்பராவும்

நூல்களையே விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்வது நமது வழக்கம். ஆயின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவப் பெண் வாசித்த நூல்களிலும் பார்க்க, அவள் கேட்ட பிரசங்கங்களே அதிகம். அவளது வாழ்வுக்கு இலக்கணம் வகுக்கும் பிரசங்கத்தை எடைபோடாத விமர்சனம் யாருக்காக?

திருமணங்களில் எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படுவதுண்டு. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் 22ஆம் வசனம் கேட்போர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிடுகிறது. அதற்கு முந்திய வசனமோ எல்லோரையும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. 28ஆம் வசனம் மனைவியைத் தன் சொந்த உடலைப்போல் நேசிக்கும்படி கணவனுக்குக் கட்டளையிடுகிறது. தன் உடலைத் தானே அடித்து நொறுக்குவார் உண்டோ? ஓர் அதிகாரத்தில் ஒரு வரியை மட்டும் உருவியெடுத்துப் பொருள் சொல்வதை இலக்கிய மாணவன் எவனும் ஏற்கமாட்டான். பீடத்தில் மட்டும் அது எங்ஙனம் செல்லுபடியாகிறது?

அடிபட்டு வந்தவளிடம் பொறுமையையும் சிலுவையையும் சொல்லி, மீண்டும் அதே காம்பராவுக்கு அனுப்பும் அறிவுரை இப்பாதி வாசிப்பின் விளைவேயாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தச் சட்டமே இதற்கு மாறானது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் விதி, துணைவரின் உடலுக்கோ உள்ளத்துக்கோ பாரதூரமான ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிய நியாயம் உண்டு என்கிறது. தாமதம் ஆபத்தாகுமெனில் ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே பிரியலாம் என்கிறது. 2016இல் குடும்பம் பற்றி எழுதிய பாப்பரசர் பிரான்சிஸ், சிலவேளை பிரிவு தவிர்க்கவியலாதது, அறநெறிப்படி அவசியமுங்கூட என்று ஒப்புக்கொண்டார். 1995இல் உருவான இரத்தினபுரி மறைமாவட்டத்துக்கும் இவ்விதியே விதி. எத்தனை தோட்டக் கோவில்களில் அது வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது?

இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் உரிய நோயன்று. கணவனாலோ துணைவனாலோ உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானோர் ஐந்து பெண்களில் ஒருவர் என 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டிற்று. ஆனால் சப்ரகமுவத் தோட்டப் பெண்ணின் நிலை தனியானது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல் அவளுக்குக் கிடைத்தது, காம்பராவோ தோட்டத்துடையது. வெளியேறினால் ஒதுங்க இடமில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பன்னிரண்டு மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அந்த நீதிமன்றத்தை அடைய ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும்; சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த அம்மண்ணில், பொலிஸ் நிலையத்தில் தன் மொழியில் முறையிடுவதே அரிது. ஆகவே, தமிழில் பேசும் கோவிலே அவளுக்கு மிக அருகிலுள்ள நீதிமன்றமாகிறது. அதன் தீர்ப்பு தவறினால் மேல்முறையீடு ஏது?

முற்போக்கு அணியும் இங்கே விலக்கன்று. துரையின் கை ஓங்கினால் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்கிறது. கணவனின் கை ஓங்கினால் அது ‘குடும்பச் சண்டை’ ஆகிவிடுகிறது. பகலெல்லாம் பால்வெட்டிய கரத்தை இரவில் முறிப்பவன் உழைப்பாளியாயிருப்பதனால் அக்குற்றம் சிறிதாகுமா?

பீடம் அதிகாரம் முழுவதையும் வாசிக்கட்டும். திருமண ஆயத்த வகுப்பில் 1153ஆம் விதியும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழில் விளக்கப்படட்டும். வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இதனைக் கேட்க உரிமையுடையோர். வேதத்தை மறுக்குமாறு நாம் கோரவில்லை; அதை முழுமையாக வாசிக்குமாறே கோருகிறோம்.