தைக்காத துணியின் கோடு

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்தியான் டியோர் தன் முதல் ஆடை வரிசையைக் காட்டினார்: ஒடுங்கிய இடை, கீழே அகன்று விரியும் பாவாடை. அந்த உருவத்தை மைக்கோட்டில் நிலைநிறுத்தியவர்களில் ரெனே குருவோ முக்கியமானவர். தோளில் தொடங்கும் தடித்த வளைவு இடுப்பருகே அறுந்துவிடும், மிச்சத்தை வெள்ளைத் தாள் பார்த்துக்கொள்ளும். மிஸ் டியோர் வாசனைத் திரவியத்துக்கு அவர் வரைந்த விளம்பரம் ஒன்றில் பெண்ணே இல்லை. ஓர் அன்னம், முத்துமாலை, கறுப்பு ரிப்பன், அவ்வளவுதான். 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கியின் சோழர் காலத் தொடர்கதை ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அதற்கு ஓவியர் மணியம் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கதைக்கான படம் என்று மட்டும் சொல்லி அவற்றை நாம் குறைத்துவிட்டோம். அவை முதல்தரமான உடைச் சித்திரங்கள். உயர்த்திக் கட்டிய கொண்டை என்றால் கதையின் சோழ இளவரசி குந்தவை, ஆண்டாள் கொண்டை என்றால் அவள் எதிரி நந்தினி. முகத்தை மறைத்தாலும் ஆள் தெரியும்.

குருவோ நாலைந்து வீச்சில் முடிப்பதை மணியம் இழைஇழையாக நிரப்புகிறாரே, இதில் சிக்கனம் எங்கே என்று கேட்கலாம். துணியைப் பார்த்தால் விடை கிடைக்கும். டியோரின் உடை வெட்டித் தைத்தது. வடிவத்தைத் தையற்காரரே முடித்துவிடுவதால் ஓவியருக்கு வெளிக்கோடு போதும். நம் சேலைக்கும் வேட்டிக்கும் தனியாக வடிவம் கிடையாது. சுற்றும் விதத்திலும் கொசுவத்திலும்தான் அது பிறக்கிறது. ஆகவே கோடு உடலுக்குள் இறங்கியே தீரவேண்டும். அச்சக லைன் பிளாக்கில் சாம்பல் நிறம் வராது என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, மடிப்பின் நிழலைக்கூட மணியம் கோட்டாலேயே சொன்னார்.

சோழர் காலத்தில் இப்படியா உடுத்தினார்கள் என்பது கனமான ஆட்சேபம். கதையின் நாயகன் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், வாணர் தலைவன் ஒருவனைக் குறிப்பிடும் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; கதை நடக்கும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. எருமைகளைக் காக்க மாண்ட வீரன் அதில் வில்லும் வாளுமாக நிற்கிறான். கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயும் உடனிருக்கிறது. வீரனின் உடம்பில் இறுக்கிச் சுற்றிய அரையாடைதான்; பட்டும் பகட்டும் இல்லை. ஆனால் மலையடிவாரத்து மந்தைக் காவலனை வைத்துச் சோழரின் பழையாறை அரண்மனையை அளக்க முடியாது. மணியம் கல்கியோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் போய்ச் சிலைகளையும் சுவரோவியங்களையும் வரைந்து பழகியவர். அதற்குமேல் அவர் கற்பனை செய்தார் என்றால், குருவோவும் அதைத்தானே செய்தார்? அவர் வரைந்த அந்த ஒடுங்கிய இடையோடு எந்தப் பாரிஸ்காரி நடந்தாள்? உடைச் சித்திரத்தில் கேட்கவேண்டிய உண்மை, துணி உடம்பில் எப்படி நிற்கிறது என்பது. அதில் மணியம் தவறுவது அரிது. நகை மிகுந்த சில படங்களில் மட்டும் ஒட்டியாணத்துக்கும் கொசுவத்துக்கும் ஒரே கனத்தில் கோடு போட்டுவிடுகிறார், கண் எதில் நிற்பதென்று தெரியாமல் அலைகிறது. அங்கே குருவோவின் வெள்ளைத் தாள்தான் ஜெயிக்கிறது.