சண்டியர், பாண்டி, வடக்கன்: திரைப்படப் பழிச்சொல்லும் பத்திரிகை தர்மமும்

கம்பம் பள்ளத்தாக்கின் ஜனங்களுக்கு வசைச்சொல்லின் இரு முனைகளும் பரிச்சயமானவை. விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலிப் பெண்கள், கேரள எல்லையைத் தாண்டியதும் ‘பாண்டி’ என்ற ஏளனத்துக்கு இலக்காகிறார்கள். மாலையில் அவர்கள் திரும்பி வந்து சேரும் ஊர்களிலோ, ஓட்டலில் மேஜை துடைக்கிற ஒடிசாக்காரனும் சாந்துச் சட்டி சுமக்கிற பீகார்க்காரனும் பேதமின்றி ‘வடக்கன்’ ஆகிவிடுகிறார்கள். ஆகையால், திரைப்படங்களில் பழிச்சொல் இடம்பெறுவதையும், அதன்மேல் எழும் கிளர்ச்சியையும், பத்திரிகைகள் அதை விவரிக்கும் விதத்தையும் ஆராயப் புகுகிறவன் இந்தப் பிரதேசத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். பாரதிராஜாவும் இளையராஜாவும் பிறந்த மண் என்பது உபரியான காரணம்.

2003ஆம் ஆண்டில் கமல்ஹாசன் ‘சண்டியர்’ என்று பெயரிட்டுத் தேனிப் பக்கத்தில் படமெடுக்க முனைந்தபோது, அத்தலைப்பு வன்முறையைப் புகழ்வதாகும், தென் மாவட்டங்களில் ஜாதிப் பூசலைக் கிளறிவிடும் என்று புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி ஆக்ஷேபித்தார். சண்டியர் என்பது இனப்பெயரன்று. ஆயினும் ஜாதிக் கலவரங்களின் வடு ஆறாத கிராமங்களில் அச்சொல் யார் வாயில் கம்பீரமாகவும் யார் செவியில் மிரட்டலாகவும் ஒலிக்கும் என்பது அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆதலின் அந்த ஆக்ஷேபத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிட நான் துணிய மாட்டேன். படப்பிடிப்புத் தடைப்பட்டது, நடிகர் முதலமைச்சர் ஜெயலலிதாவைச் சந்தித்தார், தலைப்புக் கைவிடப்பட்டது, சென்னையில் கிராமத்து செட் எழுந்தது. 2004 பொங்கலுக்கு ‘விருமாண்டி’ என்ற பெயரோடு வெளிவந்த அப்படமோ, ஒரே சம்பவத்தை இரண்டு கைதிகள் தத்தம் நோக்கில் சொல்லக் கேட்டுப் பதிவு செய்யும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, மரண தண்டனைக்கு எதிராக வாதாடிய படம். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிவிடாதே என்பதையே கதையின் அமைப்பாகக் கொண்ட படத்தைப் பற்றிய விவகாரம், செய்தித்தாள்களில் ஒரு நடிகருக்கும் ஒரு தலைவருக்குமான மல்யுத்தமாகச் சுருங்கிப் போயிற்று. பத்தாண்டு கழித்து, 2014இல், ‘சண்டியர்’ என்ற பெயரிலேயே வேறொரு படம் வெளிவந்தது. பெரிய நடிகர் இல்லாத இடத்தில் சொல்லின் விஷமும் தணிந்துவிடுகிறது போலும்!

எல்லைக்கு அப்பால் நிலைமை இதற்கு நேர் விரோதம். 2005இல் திலீப் நடித்து மலையாளத்தில் வெளியான ‘பாண்டிப்படா’, அந்த ஏளனச் சொல்லையே தலைப்பின் தலையில் தாங்கி, தமிழ்க் கிராமத்தை ஓயாது சண்டையிடும் முரடர்களின் வாசஸ்தலமாகச் சித்திரித்து, தணிக்கை முத்திரையோடு ஓடி வெற்றியும் பெற்றது. நகைச்சுவைப் படமல்லவா, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்பார்கள். ஆனால் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, இடுக்கியின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சி இறங்கிவந்து தேனியில் அடைக்கலம் புகுந்தபோது, அவர்கள் கேட்டுவந்த வசை அதே சொல்தான். அப்போது அதில் சிரிப்புக்கு இடமிருக்கவில்லை.

இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு பார்த்தால்தான் ‘வடக்கன்’ பட்ட பாடு விளங்கும். தேனி மாவட்டத்துச் சிறுகதை ஆசிரியரும், ‘அழகர்சாமியின் குதிரை’ படத்துக்கு மூலக்கதை தந்தவருமான பாஸ்கர் சக்தி, முதன்முதலாகத் தாமே இயக்கிய படத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். குடிப்பழக்கத்தால் வேலையையும் மதிப்பையும் இழந்துவரும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவன், தன் தாழ்வுக்கெல்லாம் அண்டை வீட்டு வட இந்திய இளைஞனே காரணம் என்று கருவுகிறான். அவன் மனைவியோ அந்த இளைஞனைத் தம்பியாகப் பாவிக்கிறாள். துவேஷம் எங்கே பிறக்கிறது என்று துருவிப் பார்க்கும் கதைக்கு அந்தத் துவேஷத்தின் பெயரை அன்றி வேறு எதைச் சூட்டுவது? தணிக்கை வாரியம் அதை ஏற்கவில்லை. 2024 ஜூன் 21ஆம் தேதி படம் ‘ரயில்’ என்ற பெயரில் திரைக்கு வந்தது.

இனக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இடம்பெறலாகாது என்று திரைப்படத் தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் விதிக்கின்றன. அதே நெறிகள், படத்தின் மொத்தப் பயனை நோக்கியே தீர்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முதற்பகுதியை நினைத்த வாரியம் இரண்டாவதை மறந்தது. பத்திரிகைகளோ ‘தலைப்பு மாற்றம்’ என்று நான்கு வரி எழுதி அமைந்தன. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, வட இந்தியப் பத்திரிகைகள் சிலவும் அவற்றை விசாரியாது வெளியிட்டு, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது எவ்வளவு பெரிய பாடம்! அந்தப் பீதியின் வேரைத் தொடும் ஒரு தமிழ்ப்படம் அகப்பட்டும், அதைப் பற்றி விரிவாக விவாதிக்க வாய்த்த சந்தர்ப்பம் வீணாயிற்று.

தலைப்பிலே இல்லாத இழிவைப் பற்றிப் பேச்சு அரிதாகவே எழுகிறது. 2007இல் வந்த ‘சிவாஜி’யில் பாரி மகளிரான அங்கவை, சங்கவை ஆகியோரின் பெயர்களை இரண்டு பெண்களுக்குச் சூட்டி, அவர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பு நிறத்தையே கேலிப் பொருளாக்கினார்கள். சில தமிழறிஞர்கள் நொந்துகொண்டார்கள். பெரும் பத்திரிகைகளுக்கோ, அதே படத்தில் ரஜினிகாந்தின் மேனியைக் கணினியால் வெள்ளைக்காரர் நிறமாக்கிய தொழில்நுட்ப அதிசயமே செய்தியாக இருந்தது. அவ்விரு காட்சிகளும் ஒரே மனோபாவத்தின் விளைவு என்று எழுத ஒரு தலையங்கத்துக்கு இடமில்லாமற் போனது, என் அபிப்பிராயத்தில், பத்திரிகைத் துறையின் பெரிய குறை.

2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், ‘சண்டாளர்’ என்ற சொல்லை வசையாகவோ நகைச்சுவையாகவோ பொதுவெளியில் பயன்படுத்தலாகாது என்று அறிவுறுத்தியது. நகைச்சுவை என்பதையும் சேர்த்துச் சொன்னது அதன் நுட்பம். நம் படங்களில் வசை பெரும்பாலும் அந்த வாசல் வழியாகவே நுழைகிறது. ஆகவே பத்திரிகாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை ஒரு படத்தின்மேல் இத்தகைய ஆக்ஷேபம் எழும்போது, யார் கண்டித்தார், யார் மன்னிப்புக் கேட்டார் என்பதோடு, அச்சொல்லைப் படத்தில் யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார், சொன்னபின் படம் யார் பக்கம் நிற்கிறது என்பதையும், படத்தைப் பார்த்த பிறகு, எழுதுங்கள்.