பயப்படுகிறவன் பக்கத்து நாற்காலி

பேய் வந்தால் பேய்க்கதை என்பது வசதியான இலக்கணம்தான், ஆனால் தமிழில் அது நிற்காது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சிப் பரிமாறுகின்றன. படிக்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. விக்கிரமாதித்தனின் தோளில் ஏறிய வேதாளம் பிணத்துக்குள் இருந்துகொண்டே புதிர் போடுகிறது. நாம் விடையைத் தேடுகிறோம், நடுங்குவதில்லை. தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறையாகிய அரசன். நான்கில் ஒன்றுதான் அமானுஷ்யம். ஆகவே திகில் கதையின் அடையாளத்தை எது வருகிறது என்பதில் தேடிப் பயனில்லை. வாசகன் யார் பக்கத்தில் உட்காரவைக்கப்படுகிறான் என்பதில்தான் தேட வேண்டும். பரணியில் நாம் பேய்களோடு பந்தியில் இருக்கிறோம். திகில் கதை நம்மைப் பயப்படுகிறவனோடு இருத்தி, எழுந்து போக விடாமல் செய்கிறது.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இந்த வேலையை எவ்வளவு நுட்பமாகச் செய்கிறது என்று பாருங்கள். பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கதை சொல்லும் கணவன் ஒருவனுக்குத்தான் உறுத்துகிறது. நள்ளிரவில் வீட்டுக்குள் பரவும் வாசனையும் அவனை மட்டும்தான் கலக்குகிறது. பக்கத்தில் படுத்திருப்பவளிடம்கூடச் சொல்லிவிட முடியாத பயம் அது. அந்தத் தனிமைக்குத் துணையாக இருப்பவர் வாசகர் மட்டுமே. அமெரிக்கத் தத்துவவாதி நோயல் கரோல் 1990-இல் எழுதிய நூலில், இந்த வகைக் கதைகளில் பாத்திரத்தின் உணர்ச்சியே வாசகனின் உணர்ச்சிக்கு வழிகாட்டுகிறது என்றார். அது சரியான கணிப்பு. ஆனால் அவர் அசுரப் பிறவி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றும் வைத்தார். அங்கே எனக்கு உடன்பாடில்லை. அசோகமித்திரனின் 'பிரயாணம்' கதையில் பேயும் இல்லை, பூதமும் இல்லை. குருவின் உடலை மலைவழியே இழுத்துச் செல்லும் சீடன், பின்தொடரும் ஓநாய்கள், இவ்வளவுதான். கடைசியில் குருவின் கைப்பிடியில் பிய்ந்த ஓநாய்க் கால் இருப்பதைக் காணும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

அப்படியானால் கொடுமையைச் சொல்லும் எந்தக் கதையும் திகில் கதையாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அதே அசோகமித்திரனிடம் இருக்கிறது.  அவருடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவல் செகந்திராபாத்தில் நடக்கிறது. அதன் நாயகன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். நிஜாம் ஆட்சியைக் காக்கக் கிளம்பிய ரஜாக்கர் படைக்குப் பயந்து வாழும் காலத்தில் நாம் அவன் பக்கத்தில் இருக்கிறோம். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்ததும் அதிகாரம் கைமாறுகிறது. கலவரத்தின் நடுவே அவன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைய நேர்கிறது. குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி அந்த வீட்டுச் சிறுமி தன் ஆடையைக் களைகிறாள். அவன் அருவருத்து வாந்தியெடுத்து ஓடுகிறான். அவள் எதைக் கண்டு நடுங்கினாள்? அவனைத்தான். அந்த வீட்டுக்குள் வந்த பூதம் அவனே. இத்தனை பக்கங்கள் அவன் பக்கத்திலேயே இருந்த நாமும் அவனோடுதான் நிற்கிறோம். நமக்கு வருவது பயமல்ல, கூச்சம். எத்தனையோ பேய்க்கதைகளைவிட இந்தப் பக்கங்கள் என்னைக் கலக்குகின்றன. ஆனாலும் இதைத் திகில் வகையில் சேர்க்க மாட்டேன். அதே இரவை அந்தச் சிறுமியின் காதுகளால், சுவருக்கு அப்பால் நெருங்கும் காலடிகளிலிருந்து தொடங்கிச் சொல்லியிருந்தால், ஒரு சம்பவத்தையும் மாற்றாமலே அது அசல் திகில் கதையாகியிருக்கும்.

இதனால் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று ஆகாது. திகில் என்றாலே பாக்கெட் நாவல் சரக்கு என்று ஒதுக்கும் விமர்சகர்கள், பயப்படுகிறவன் பக்கத்தில் வாசகனை அசையாமல் இருத்துவது எத்தனை கடினமான கைவேலை என்பதைக் கவனிப்பதில்லை. வேலைக்கு வந்தவள்மேல் மனைவிக்கும் சந்தேகம் வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், 'காஞ்சனை' குலைந்திருக்கும். புதுமைப்பித்தன் அந்த வரியை எழுதவில்லை.